தீக்குச்சியா, வாளியா?

மாரிக்கண்ணனின் போனிலிருந்து அவனைத் தவிர வேறு யாராலும் யாரையும் கூப்பிட முடியாது. பூட்டி வைத்திருந்தான் என்பதால் அல்ல. திறந்தேதான் கிடக்கும். உள்ளே போனவர்கள் வழி தெரியாமல் திரும்பி வந்துவிடுவார்கள்.

2008-ஆம் ஆண்டுச் சங்கதி இது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டும் இடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு. சிம்பியன் சாப்ட்வேர் ஓடும் பழைய பொத்தான் போன் ஒன்றை வாங்கினான். வாங்கிய அன்றே அதன் முகம் பிடிக்காமல் போயிற்று. ஞாயிறுதோறும் சாத்தூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, திரையின் தோற்றத்தை மாற்றும் தீம்களை இறக்கினான். பிறகு தீம் செய்யும் சாப்ட்வேரை இறக்கினான். பிறகு போனின் சாப்ட்வேரிலேயே கை வைத்தான். போன் இரண்டு முறை செத்தது. இரண்டு முறையும் கேபிள் போட்டு எழுப்பினான். போன் கம்பெனி கொடுத்த படங்களைத் துடைத்துவிட்டு, பட்டாசு லேபிள்களை ஸ்கேன் செய்து ஏற்றினான். மெசேஜுக்குக் குருவி வெடி. கேமராவுக்குக் கம்பி மத்தாப்பு. அலாரத்துக்குச் சங்குசக்கரம். ஏனென்று கேட்டால், "சுத்துதுல்ல" என்பான். எது சுற்றுகிறது என்று கேட்டவருக்கு விளங்காது. மேற்கொண்டு கேட்க ஒரு மாதிரி இருக்கும், விட்டுவிடுவார்.

ஆட்களுக்கும் லேபிள்தான். அம்மா இருளம்மாள் கூப்பிட்டால் திரையில் பத்தாயிரம்வாலா தெரியும். ஆரம்பித்தால் நடுவில் நிற்காது என்பது காரணம். பெயர் எழுதும் வழக்கத்தையே விட்டுவிட்டான்.

கடைசியாகப் பொத்தான்கள். பச்சைப் பொத்தான்மேல் எரியும் தீக்குச்சிப் படம், சிவப்பின்மேல் தண்ணீர் வாளிப் படம் என்று பொடிப்பொடியாக ஸ்டிக்கர் வெட்டி ஒட்டினான். "பேசணும்னா பத்த வையி, முடிக்கணும்னா அணைச்சிரு. இதுகூடவா புரியாது?" என்று கேட்டான். கேட்டவர்கள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டான்.

அவனுடைய ஆசையெல்லாம் விருதுநகரில் செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் போன் ரிப்பேர் கடையில் ஒரு நாற்காலி. அண்ணாச்சியும் ஒரு வழியாக இறங்கி வந்தார். "வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள கூப்பிடுதேன். எடுத்தா வேலை உனக்கு. எடுக்கலைன்னா இன்னொருத்தன் காத்துக்கிட்டு இருக்கான்."

தீபாவளி சீசன். லீவு கிடையாது. போனைக் கேட்டைத் தாண்டிக் கொண்டுபோகவும் கூடாது. வாட்ச்மேன் பலவேசத்திடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அவர் பார்ப்பது ஒரே வேலை: வருகிறவன் மடியில் தீப்பெட்டி இருக்கிறதா என்று தடவுவது. முதலாளியின் மச்சினன் மடியையும் விட்டதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மாரிக்கண்ணன் அவரிடம் போனை நீட்டினான்.

"மாமா, இன்னைக்கு எனக்கு ஒரு போன் வரும். எடுத்து, ‘இருங்க, வாரான்’னு சொல்லிட்டு மணியடிங்க. ஓடியாந்துருதேன்."

"யாரு பேசுவா?"

"விருதுநகர் அண்ணாச்சி. அணுகுண்டு தெரியும் பாருங்க."

பலவேசம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "கேட்டுல நின்னுக்கிட்டு நல்ல பேச்சாப் பேசுலே."

பதினொன்றே காலுக்கு மேசைமேல் போன் நடுங்கியது. திரையில் அணுகுண்டு. அதற்குக் கீழே ஒரு பக்கம் எரிகிற தீக்குச்சி, மறுபக்கம் தண்ணீர் வாளி. பலவேசம் வாளியை அமுக்கினார். போன் அடங்கியது. மறுபடி நடுங்கியது, மறுபடி வாளி. மூன்றாவது முறையும் அடக்கிய பிறகு, இனிமேல் இதை வெளியே வைப்பது சரியில்லை என்று பட்டது. கேட்டில் தொங்கிய மணல் வாளிக்குள் போனைப் புதைத்தார்.

பன்னிரண்டு மணிக்கு மாரிக்கண்ணன் ஓடி வந்தான்.

"போன் வரலையா மாமா?"

"வந்துச்சு. மூணு தடவை. மூணையும் அணைச்சிட்டேன்."

"எதுக்கு மாமா?"

"எதுக்கா? அணுகுண்டைக் கையில வச்சுக்கிட்டுத் தீக்குச்சியை அமுக்கச் சொல்லுதியா? உள்ள எம்புட்டுப் பேரு இருக்காக."

"அது வெறும் படம்."

"நீ ஒட்டுத லேபிளும் படந்தான். அதுக்குள்ள ஒண்ணுமில்லையா?"

பலவேசம் மணல் வாளியைக் காட்டினார். வேலை முடிந்ததும் மாரிக்கண்ணன் போனைத் தோண்டி எடுத்து, மணலைத் தட்டிவிட்டு விருதுநகர் பஸ் ஏறினான்.

"மூணு தடவை கட் பண்ணுனியே, பெரிய ஆளுதாம்ப்பா நீ" என்றார் செந்தூர்பாண்டி. அவன் நடந்ததைச் சொன்னான். அவர் நம்பவில்லை. போனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கடை லேண்ட்லைனிலிருந்து அவனையே அந்த நம்பருக்கு அடிக்கச் சொன்னார். அணுகுண்டு வந்தது. தீக்குச்சிதான் பச்சை என்று இப்போதுதான் கேட்டிருந்தார். பெருவிரல் தீக்குச்சிமேல் போய் நின்றது, யோசித்தது, நகர்ந்து வாளியை அமுக்கியது.

"தெரிஞ்சும் கை போகமாட்டேங்கு" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தார். "சரி, வாங்குன அன்னைக்கு இருந்த மாதிரி ஆக்கிக் காட்டு. பத்து நிமிசம்."

ஒன்பது நிமிடத்தில் ஆக்கினான். ஸ்டிக்கர்களையும் உரித்தான். போன் உலகத்தில் உள்ள மற்றப் போன்களைப் போல ஆயிற்று.

"திங்கக்கிழமை வந்துரு. ஒரே ஒரு கண்டிசன். கஸ்டமர் போன்ல லேபிள் ஒட்டுனேன்னா அன்னைக்கே வெளிய."

அம்மாவிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தான். பத்தாயிரம்வாலாவைத் தேடினான். பெயரில்லாத நம்பர்கள் வரிசையாக நின்றன. பெற்ற தாய் அதில் எது என்று பிடிபடவில்லை. நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

தீபாவளி கழிந்து, போனஸில் வாங்கிய புதுப் போனோடு பலவேசம் கடைக்கு வந்தார்.

"ஏலே மாரி, அந்தத் தீக்குச்சியும் வாளியும் இதுல ஒட்டிக் குடு."

"இங்கன அதெல்லாம் பண்ணக் கூடாது மாமா. பச்சைன்னா பேசணும், சிவப்புன்னா வைக்கணும். அம்புட்டுத்தான்."

"எனக்கு வாளிதான் தெரியும்."

மாரிக்கண்ணன் அண்ணாச்சியைப் பார்த்தான். அண்ணாச்சி பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அது சரி என்பதா, வெளியே போ என்பதா என்று தெரியவில்லை. மேசை டிராயரைத் திறந்தான். அன்று உரித்த ஸ்டிக்கர்கள் ஒரு தாளில் பத்திரமாக இருந்தன. ஒட்டிவிட்டு, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கக் கடையிலிருந்தே கூப்பிட்டான்.

போன் அடித்தது. பலவேசம் நிதானமாக வாளியை அமுக்கினார்.

"எடுக்கணும்னா மத்தது மாமா."

"எடுக்கணும்னு யாருலே சொன்னா?" என்று கேட்டுவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பேப்பர் இன்னும் இறங்கவில்லை.