தானாக ஏறிய பீப்பாய்

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு, கொட்டாஞ்சேனையே காஸ் சிலிண்டருக்காக வரிசையில் நின்று வெயிலில் காய, ஹெக்டர் மட்டும் வீட்டில் கால்மேல் கால் போட்டிருந்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். பின்வளவில் ஒரு தொட்டி கட்டி, அதில் இரும்புப் பீப்பாயைக் கவிழ்த்து மிதக்க விட்டிருந்தார். சந்தித் தேத்தண்ணிக் கடையின் ஊசிப்போன சோறு, காய்ந்த ரொட்டி, நுரை செத்த சோடா எல்லாம் தொட்டிக்குள் போகும். அவை புளித்து அடுப்பெரிக்கும் உயிர்வாயு உண்டானால் பீப்பாய் ஏறும். அடுப்பை எரித்தால் இறங்கும். மூச்சு விடுவதுபோலிருக்கும். பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

சித்திரையில் அந்தக் கடையும் பூட்டப்பட்டது. தொட்டிக்குள் போட ஒன்றுமில்லை. ஆனாலும் பீப்பாய் ஏறியது.

“ஒண்டும் போடாமலே ஏறுது, பாத்தீரா? அந்தோனியார்தான் தாறார்,” என்றார் ஹெக்டர்.

அப்போது அவருடைய மனைவி செலீன் வயிற்றில் கட்டியோடு படுத்திருந்தார். நாலு வாய் சாப்பிட்டால் பிழைத்துவிடுவார் என்று ஹெக்டர் உறுதியாக நம்பினார். மூன்று நேரமும் தானே சமைத்து வைத்துவிட்டு மருந்து தேடிப் போவார். திரும்பி வந்தால் சாப்பாட்டுக் கோப்பை வெறுமையாக இருக்கும்.

“சாப்பிட்டிட்டன்,” என்பார் செலீன். ஆனால் ஆள் நூலாய் இளைத்துக்கொண்டே வந்தார். ஆனியில் போய்விட்டார்.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் அயலவர்தான் சாப்பாடு கொடுத்தோம். மூன்றாம் நாள் மத்தியானம், பின்வளவில் யாரோ தொண்டை கொப்பளிப்பதுபோல் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். பீப்பாய் உச்சிவரை ஏறி, அடியால் வாயு குமிழ்விட்டுக்கொண்டிருந்தது.

“ஆர் இதுக்குச் சாப்பாடு போட்டது?” என்று கேட்டார் ஹெக்டர்.

சோற்றுச் சட்டியோடு வந்திருந்த முன்வீட்டு லுத்பியா அழத் தொடங்கினாள். “அக்காதான், ஹெக்டர் அண்ணன். விழுங்க ஏலாதாம். செவரப் புடிச்சிட்டு வந்து தொட்டியில கொட்டுவாங்க. கடைசியில நடக்க ஏலாமப் போனதும் நான்தான் கொட்டின. ஒங்களுக்குச் சொல்ல வாணாம்னு கையப் புடிச்சாங்க.”

ஹெக்டர் குசினிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார். மேலே பாத்திரம் வைக்கவில்லை. நீல நெருப்பு அசையாமல் எரிந்தது. கால் மணித்தியாலத்தில் அணையும் என்று நினைத்தேன். ஒரு மணித்தியாலம் கழிந்தும் எரிந்தது. அதைப் பார்க்கப் பயமாயிருந்தது. அவரைப் பார்க்க அதைவிடப் பயமாயிருந்தது.

“ஒரு நேரமாவது சாப்பிட்டவளா, பிள்ளை?” என்று கேட்டார்.

லுத்பியா நிலத்தைப் பார்த்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.