பதினான்காம் விளக்கு

"அந்தப் பழைய பெட்டியக் கழட்டிடுங்க" என்று இப்போதைய மேலாளர் சொன்னதும் பெட்டிக்காரர் ஸ்விட்ச் அறைக்குப் போனார். கம்ப்யூட்டர் இணைப்புகளைக் கவனிக்கும் அவருக்கு அலுவலகத்தில் அதுதான் பேர். பெற்றோர் வைத்த பேர் சம்பளச் சீட்டோடு சரி.

பதினாறு வருஷத்துக்கு முன்பு, வேறு ஊரிலிருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போகும் கம்ப்யூட்டர் லைன் நூல் மாதிரி மெலிசு. அங்கிருக்கும் ஒரு வரைபடத்தைத் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். "வரைபடப் பிரிவு ஆறு பேரையும் அங்கேயே மாத்திடலாம்" என்று மேலாளர் ஆரம்பித்தார். ஆறில் ஒருத்தி பெட்டிக்காரரின் மனைவி. மகளுக்கு அப்போது இரண்டு வயது.

ஒரு தடவை அனுப்பியதைத் திரும்ப அனுப்பாமல், மாறியதை மட்டும் அனுப்பும் பெட்டி ஒன்றை வாங்கி லைனுக்கு நடுவில் வைத்தார். வரைபடம் பறந்தது. ஆனால் தொலைபேசி உட்பட அலுவலகம் மொத்தமும் அதன் வழியாகவே போனதில் பெட்டிக்கு மூச்சு முட்டியது. தொலைபேசிக் குரல் கந்தலானது.

"யோவ், அந்தப் பக்கம் பேசுறது மனுஷனா, தவளையா?" என்று கத்தினார் மேலாளர். "நாளை மதியத்துக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா பெட்டியும் போகும், ஆறு பேரும் போவாங்க."

அன்று மாலை மனைவி மகளின் சட்டைகளை இரண்டு அடுக்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு ரெண்டு?"

"சும்மாதான்."

மறுநாள் காலை, எல்லா மேசை வயரும் வந்து சேரும் ஸ்விட்சை இரண்டு வீலானாக, அதாவது இரண்டு தனி வலையாகப் பிரித்தார், கண்ணுக்குத் தெரியாத சுவர் எழுப்பின மாதிரி. இந்தப் பக்கம் வெளியே போகும் லைனைப் பிடித்திருக்கும் ரவுட்டர், தொலைபேசி, மற்ற எல்லாரும். அந்தப் பக்கம் வரைபடக்காரர்கள் மட்டும். சுவருக்கு ஒரே வாசல், பெட்டி. ஆறு பேரும் அதற்குள் நுழைந்துதான் வெளியே போக முடியும். மற்றவர்கள் நேராகப் போகலாம். யாருடைய கம்ப்யூட்டர் முகவரியும் மாறவில்லை.

ஆனால் எந்த மேசையின் வயர் ஸ்விட்சில் எங்கே வந்து சேர்கிறது? ஒட்டியிருந்த சீட்டெல்லாம் பொய். மனைவிக்குப் போன் போட்டார்.

"ஒவ்வொரு வயராப் பிடுங்கு. இங்க ஸ்விட்சுல எத்தனாவது விளக்கு அணையுதுன்னு பாக்குறேன்."

"எல்லாரும் சிரிக்கிறாங்க. பொண்டாட்டிக்குத் தனி ரோடு போடுறீங்களாம்."

"ஆமா, போடுறேன். பிடுங்கு."

மூன்று, ஏழு, எட்டு, பதினொன்று, பன்னிரண்டு. கடைசியாக அவளுடையது, பதினான்கு.

"அணைஞ்சுதா?"

"அணைஞ்சிருச்சு. திரும்பச் சொருகு."

மதியம் மேலாளர் தொலைபேசியில் யாரையோ திட்டியது ஒரு எழுத்து சிந்தாமல் போய்ச் சேர்ந்தது. வரைபடங்களும் மளமளவென்று திறந்தன. இடமாற்றப் பேச்சு அத்தோடு நின்றது. சட்டைகள் மறுபடி ஒரே அடுக்காயின.

இப்போது லைன் நெடுஞ்சாலை மாதிரி அகலம். பெட்டிக்கு வேலையே இல்லை. மகள் கல்லூரியில். மனைவி வேலையை விட்டு இரண்டு வருஷமாகிறது. அவள் இடத்தில் ஒரு புதுப் பெண்.

ஐந்து இணைப்புகளைச் சுவரின் இந்தப் பக்கம் கொண்டுவந்தார். பதினான்கில் கை கொஞ்சம் தயங்கியது. அதையும் மாற்றிவிட்டுப் பெட்டியைக் கழற்றினார். வீட்டுக்குப் போன் போட்டார்.

"உன் ரோட்டை மூடிட்டேன்."

"அய்யய்யோ. விளக்கு அணைஞ்சுதா?"

அவர் குனிந்து பார்த்தார்.

"இல்ல. எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு."

"அப்புறம் என்ன, வீட்டுக்கு வாங்க."