தம்பானூர் ஃபாஸ்ட் கிளம்பும் தேதி

நவநீத்துக்குக் கோபம் வந்து கரமனைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாசலை மறித்துக் காரை நிறுத்தினாலும் சிரித்துக்கொண்டே சுற்றிப் போய்விடுவான். அவன் கோபம் முழுக்க ஒரே முகவரிக்குத்தான் போனது. கடல் தாண்டி எங்கேயோ இருந்த ஒரு கம்பெனி, விண்வெளி வீடியோ கேம் ஒன்றைச் செய்யப்போவதாகச் சொல்லி, விளையாடப் போகிறவர்களிடமே முன்கூட்டிப் பணம் திரட்டியிருந்தது. அது 2014. இரண்டே வருஷத்தில் வந்துவிடும் என்றார்கள்.

அவனோடு சேர்ந்து பணம் போட்டவன் விஜய்குமார். இருவரும் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் ஒரே ஆபீசில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அடுத்தவன் எழுதிய சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிப்பதுதான் இருவருக்கும் வேலை. விஜயின் அப்பா சொரிமுத்து தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தம்பானூர் ஹோட்டல் ஒன்றில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு சின்னக் கப்பல் வாங்குவதைவிட, இரண்டு பேர் சேர்ந்து ஓட்டும் பெரிய கப்பலாக ஒன்று வாங்கலாம் என்று விஜய்தான் சொன்னான். பஸ் போர்டு மாதிரி பெயரும் அவன் வைத்ததுதான்.

"தம்பானூர் ஃபாஸ்ட்னு போடுடா. எல்லா ஸ்டாப்லயும் நிக்காது."

நின்றது. 2016 என்றது 2018 ஆயிற்று. 2018 என்றது 2020 ஆயிற்று. நடுவில், காத்திருப்பவர்களின் வாயை அடைக்க, கப்பல் நிற்கும் கூடத்தை மட்டும் திறந்துவிட்டார்கள். உள்ளே போய் உங்கள் கப்பலைச் சுற்றி நடக்கலாம். ஏணியில் ஏறி இருக்கையில் உட்காரலாம். கிளம்பத்தான் முடியாது. காமிராவில் முகத்தைக் காட்டினால் அதே முகத்தோடு ஓர் ஆளைச் செய்து அங்கே நிறுத்தும். விஜய் மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு முகத்தைக் காட்டினான். அச்சு அசலாக வந்தது.

நவநீத் மாதம் தவறாமல் கம்பெனிக்கு எழுதினான். மாதம் தவறாமல், "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று பதில் வந்தது. விஜய்க்கு அதைப் படித்தால் சிரிப்பு தாங்காது.

"நீ கத்தக் கத்த அவன் இன்னும் தள்ளுவான்டா. வரும்போ வரட்டும். நமக்கென்ன வயசா போச்சு?"

2021 ஜூனில், பைபாஸில், நல்ல மழையில் விஜயின் பைக் ஒரு லாரிக்கு அடியில் போயிற்று. முப்பத்தொரு வயது.

பதினாறாம் நாள் கழிந்ததும் நவநீத் எழுதிய கடிதம் ஒரே வரி. "உங்களுக்காகக் காத்திருந்தே என் நண்பன் செத்துப் போனான்." அதற்கும் பொறுமைக்கு நன்றி என்றுதான் பதில் வந்தது. மனிதர் யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு அவனால் சாப்பிட முடியவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, திரையோரத்தில் இருந்த விளையாட்டின் நண்பர் பட்டியலில் விஜயின் பெயருக்குப் பக்கத்தில், ஆள் உள்ளே வந்திருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிந்தது. எவனோ கணக்கைத் திருடிவிட்டான் என்று நினைத்து நவநீத் கூடத்துக்குள் போனான். தம்பானூர் ஃபாஸ்டுக்குப் பின்னால் விஜய் இருந்தான். சுவரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். நெற்றி சுவரில் முட்டுகிறது, கால்கள் மட்டும் நிற்காமல் நடக்கின்றன. நவநீத் பெயர் சொல்லி எழுதிப் பார்த்தான். பதில் இல்லை. முக்கால் மணி நேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு புள்ளி அணைந்தது.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறு அவன் கம்ப்யூட்டரைத் திறக்காமல், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த விஜயின் வீட்டுக்கே போனான். தங்கை பொன்செல்வி கதவைத் திறந்தாள். உள்ளே விஜயின் மேஜைக்கு முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் அம்மா சுடலைமாடத்தி உட்கார்ந்திருந்தாள். ஒற்றை விரல் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது.

"வா தம்பி," என்றாள், திரும்பாமலே. "இவன் செவுத்துல முட்டிக்கிட்டே நிக்கான். திருப்பத் தெரியல. நீ கொஞ்சம் திருப்பிக் குடு."

பொன்செல்வி ஏதோ ஃபைலைத் தேடப்போய்த் தற்செயலாக அதைத் திறந்திருக்கிறாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து ஞாயிறு தவறுவதில்லையாம்.

நவநீத் மௌஸை நகர்த்தினான். விஜயின் முகம் திரும்பியது. கண் இமைத்தது. மூச்சில் தோள் ஏறி இறங்கியது. சற்று நேரம் சும்மா விட்டதும் வலது கை மேலே போய்ப் பிடரியைச் சொறிந்தது.

"பாத்தியா, பாத்தியா! சின்னப் புள்ளையிலயே அப்படித்தான்!"

அந்த விளையாட்டில் சும்மா நிற்கிற எல்லா ஆளும் அதைத்தான் செய்யும். நவநீத்தின் ஆளும் செய்யும். அவன் அதைச் சொல்லவில்லை.

"இந்தக் கப்பல் எப்பம் தம்பி கெளம்பும்?"

"கெளம்பாதும்மா. ஒம்பது வருஷமா ஏமாத்திண்டு இருக்கான்."

"கெளம்பாண்டாம்," என்றாள் அவள் அவசரமாக. "நிக்கட்டும்."

அந்த மாதம் நவநீத் கம்பெனிக்கு எழுதவில்லை. ஞாயிறு பத்து மணிக்குத் தானும் கூடத்துக்குள் போய் விஜய்க்குப் பக்கத்தில் நிற்பான். அவள் மெல்ல மெல்லத் திருப்பப் பழகிக்கொண்டாள். சில சமயம் விஜய் நேராக அவன் பக்கம் திரும்பி நிற்பான். அப்போது நவநீத் திரையை விட்டுக் கண்ணை எடுத்துவிடுவான்.

2024 தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது. விளையாட்டு தயார். மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குப் பழைய கூடங்களை, அங்கே நிற்கும் ஆட்களோடு அழித்துவிடுவார்கள். எல்லாரும் புது ஆளைச் செய்துகொள்ள வேண்டும். பணம் போட்டவர்கள் கூத்தாடினார்கள். நவநீத், "தயவுசெய்து தள்ளிப்போடுங்கள்" என்று எழுதினான். பத்து வருஷத்தில் அவன் அவர்களிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

பொன்செல்வி திரையை அப்படியே வீடியோவாகப் பிடித்து வைத்திருந்தாள். "அம்மாகிட்ட காட்டினேன் அண்ணா. இது போட்டோ, திருப்பினா திரும்பலன்னு சொல்லிட்டா. அழிக்கப் போறத நீங்களே சொல்லணும் கேட்டோ. என்னால முடியாது."

அவன்தான் சொன்னான். சுடலைமாடத்தி முந்தானையால் திரையைத் துடைத்தாள். பிறகு, "அன்னைக்கு நீயும் வந்துரு," என்றாள்.

அந்த நாளில் அவள் பிச்சிப்பூ வாங்கித் திரைக்கு மேலே வைத்திருந்தாள். விஜய்க்குப் பிடிக்கும் என்று மீன் குழம்பு கொதித்தது. மீன் சாப்பிடாத நவநீத்துக்குத் தனியாகப் பருப்பு. ஐந்து மணிக்கு மூன்று பேரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். ஐந்தரை ஆயிற்று. விஜய் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். ஆறு மணிக்கு மெயில் வந்தது. ஆகஸ்டுக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். சுடலைமாடத்தி அழுதுகொண்டே சிரித்தாள். அன்றைக்கு எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

ஆகஸ்டில் மறுபடி பூ, மறுபடி குழம்பு. ஆனால் மத்தியானத்திலிருந்தே அவள் அடுப்புக்கும் திரைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். பிப்ரவரிக்குத் தள்ளினார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை. பிப்ரவரியில் அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை. தள்ளிவைத்த செய்தியை நவநீத் படித்துச் சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"எத்தன மட்டம் தம்பி இவன அனுப்பி வைக்க? ஒரு மட்டம் அனுப்பியாச்சுல்லா? போறதா இருந்தா ஒரேயடியாப் போகச் சொல்லு. எழுது அவனுவளுக்கு."

அவள் சொன்னதை அவன் அப்படியே எழுதி அனுப்பினான். வழக்கமான நன்றி வந்தது. அவள் ஒரு பழைய சேலையை எடுத்துக் கம்ப்யூட்டர் மேல் போட்டு மூடினாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பச்சைப் புள்ளி எரியவில்லை.

நவநீத் இப்போது டீம் லீட். கீழே வேலை செய்யும் பிள்ளைகள் இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்று வந்து நின்றால், எதற்கு என்றுகூடக் கேட்காமல் கொடுத்துவிடுகிறான். மாதம் ஒரு தடவை விஜயின் வீட்டுக்குப் போகிறான். சுடலைமாடத்தி மேஜைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பாள். கப்பல் பேச்சே எடுப்பதில்லை.

போன தடவை பொன்செல்வி வாசல்வரை வந்து வழியனுப்பினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சில நாள் நான் டியூட்டி முடிஞ்சு வரும்போ, சேலைக்கு அடியில கம்ப்யூட்டர் சூடா இருக்கு அண்ணா. நான் ஒண்ணும் கேக்கல."

வீட்டுக்கு வந்து நவநீத் நண்பர் பட்டியலைத் திறந்தான். விஜய்குமார் கடைசியாக வந்து போனது வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று பத்து. அதற்கு முந்தின வரவையும் தேடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தான். பிறகு பட்டியலை மூடிவிட்டான். மேலே கம்பெனியிலிருந்து புது மெயில் ஒன்று வந்து கிடந்தது. தலைப்பிலேயே ஏதோ ஒரு தேதி இருந்தது. அவன் அதைத் திறக்கவில்லை.