ஒரு சுரம் மேலே தூக்கி எழுதவும்

பாட்டுக்கு அரேஞ்ச்மெண்ட் எழுதுகிறவளை மேடையில் யாரும் பார்க்க மாட்டார்கள். தப்பு வந்தால் மட்டும் மொத்த மேடையும் அவள் பக்கம் திரும்பும். யார் எப்போது நுழைய வேண்டும், யார் எப்போது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தனிக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பதுதான் இந்த வேலை. கல்யாண வீட்டில் யார் எந்த வேனில் ஏறுவது என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டு, முதல் வேனே வேறு ஆட்களோடு கிளம்பிப் போவதைப் பார்த்து நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சி, மேலே படியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் தி. நகரில் ஒரு லைட் மியூசிக் குழுவில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது போதவில்லை. கை சும்மா இருக்காது. கல்யாணப் பத்திரிகை கிடைத்தால்கூட அதன் ஓரத்தில் மேல்நாட்டு முறையில் ஐந்து கோடு போட்டு ஏதாவது சுரம் எழுதுவேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நான் எழுதியதை ஒரு முழுக் குழு, முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை, நடுவில் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். அதற்கு அவகாசமும் அதிகமில்லை. வங்கிப் பரீட்சை எழுதித் தேறியிருந்தேன். வேலை உத்தரவு எந்த வாரமும் வரலாம், அதுவும் எந்த ஊருக்கோ.

முதல் இருபது பக்கம்

லஸ் முனையில் ஒரு பழைய புத்தகக் கடையில், ஜாஸ் குழுக்களுக்கு எழுதக் கற்றுத்தரும் வெளிநாட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. முதல் இருபது பக்கத்தைக் காணோம். முன்னுரைதானே, போகட்டும் என்று வாங்கிவிட்டேன். மிச்சத்தைப் படித்துவிட்டு ஒரு சினிமாப் பாட்டுக்கு டிரம்பட், டிராம்போன், கீபோர்ட், வயலின் எல்லாவற்றுக்கும் எழுதிக்கொண்டு போனேன். பாத்திரக் கடை மாடியில்தான் எங்கள் ஒத்திகை. குழுத் தலைவர் சந்திரன் சார் கீபோர்டில் உட்கார்ந்து கையைக் காட்டினார். எல்லோரும் ஆரம்பித்தார்கள். நாலாவது நொடியில் கீழே பாத்திரக் கடைக்காரர் படியேறி வந்து, மேலே யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

டிரம்பட் மட்டும் தனி ஊரில் இருந்தது. டிரம்பட் வாசிப்பவர் பஷீர் பாய். பகலில் மயிலாப்பூரில் தையற்கடை. தப்பாக வாசிக்கிறீர்கள் பாய் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. டிரம்பட்டுக்கு எழுதியது ஒரு சுரம் இறங்கித்தான் ஒலிக்கும், அதனால் எழுதும்போதே ஒரு சுரம் மேலே தூக்கி எழுத வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். காணாமல் போன இருபது பக்கத்தில் என்ன இருந்தது என்று அப்போது தெரிந்தது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அவர் என் காகிதத்தை மடிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நீ எழுதினதைத்தாம்மா வாசிச்சேன். நீ நினைச்சதை நான் எப்பிடி வாசிக்கிறது?"

மூச்சு விட இடம்

அடுத்த மாதம் சாக்ஸபோனுக்கு தாஸ் வந்து சேர்ந்தான். நொச்சிக்குப்பத்துக்காரன். விடியற்காலையில் கடலுக்குப் போய் வருவான், மீனை அவன் மனைவி ரோட்டோரத்தில் விற்பாள், சாயங்காலம் சாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். என்னைவிட மூத்தவன்தான், ஆனாலும் முதல் நாளிலிருந்தே நான் அவனுக்கு அக்கா. அவனுக்காகவே ஒரு நீளமான மெலடி எழுதினேன். வளைந்து நெளிந்து, எங்கேயும் நிற்காமல் பக்கம் முழுக்கப் போகும். எழுதி முடித்ததும் என்னையே நான் மெச்சிக்கொண்டேன்.

தாஸ் முக்கால் பக்கம் வரை வந்தான். கண் பிதுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். சந்திரன் சார் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அன்றிலிருந்து நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் நானே முனகிப் பார்த்து, மூச்சு முட்டும் இடத்தில் கமா போட ஆரம்பித்தேன். பஸ்ஸிலும் இதே வேலை. முனகுவதும் மூச்சை இழுப்பதுமாக இருந்த என்னைப் பார்த்துப் பயந்து, பக்கத்து சீட் அம்மா ஒரு தடவை எலுமிச்சம்பழம் எடுத்து நீட்டினாள். இத்தனைக்கும் காரணம், தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு தாஸ் சொன்ன வார்த்தைதான்: "யக்கா, உன் கைல வில்லு கீது, நீ பாட்டுக்கு இஸ்த்துக்கினே போவ. எனுக்கு நெஞ்சுதான் கீது."

சமையலறையிலிருந்து

எங்கள் வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்தெரு. அம்மா குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். அவளுடைய ஆர்மோனியத்தில்தான் என் ஜாஸ் எல்லாம் பரீட்சையாகும். புத்தகத்தில் ஓர் அத்தியாயம், பக்கத்துப் பக்கத்துச் சுரங்களைச் சேர்த்து அழுத்தினால் வரும் உரசல்தான் இந்தச் சங்கீதத்துக்கு உயிர் என்றது. ஒரு மணி நேரமாக அதை அழுத்தி அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவை நன்றாக இருக்கும், மறு தடவை அதே உரசல் பல்லைக் கூசவைக்கும்.

அன்று மத்தியானம்தான் வங்கி உத்தரவு வந்திருந்தது. சேலத்தில் போய்ச் சேர மூன்று வாரம் கெடு. கவர் சுவாமி படத்துக்குக் கீழே இருந்தது. எழுந்து போய்க் கவரைப் பிரிப்பேன், வைப்பேன், மறுபடி வந்து அதே இரண்டு சுரத்தை அழுத்துவேன். கடைசியில் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "ஏண்டி, ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சுண்டு உட்கார்ந்திருக்கியே, எது வேணும்னு ஒண்ணைத் தீர்மானம் பண்ணேன்."

அரைக் கட்டை

கெடுவில் இரண்டு வாரம் மிச்சம் இருக்கும்போது தி. நகரில் ஒரு கல்யாண வரவேற்பு. என் அரேஞ்ச்மெண்ட்டை மூன்றாவது பாட்டாகப் போட்டிருந்தார் சந்திரன் சார். எல்லாச் சுரமும் தூக்கி எழுதியாகிவிட்டது, எல்லா இடத்திலும் மூச்சு விட்டாகிவிட்டது. புதுப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். பாட வேண்டியவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. மேடையிலேயே சாரிடம் குனிந்து சுருதியை அரைக் கட்டை இறக்கச் சொன்னார். சார் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினார். அவருக்கு வேலை முடிந்தது.

எனக்கு அப்படி இல்லை. ஒரு சுரத்தை அரைக் கட்டை ஏற்றி வாசிக்கச் சொல்லும் குறிதான் ஷார்ப்; டிரம்பட் காகிதத்தில் ஒரு ஷார்ப் இருந்த இடத்தில் இப்போது ஆறு ஷார்ப். அதை அந்த இடத்திலேயே மாற்றி வாசிக்க பஷீர் பாய் தயாராகத்தான் இருந்தார், சார்தான் ரிஸ்க் வேண்டாம் என்று ஊதும் வாத்தியங்களை எல்லாம் சும்மா உட்காரச் சொல்லிவிட்டார். பாட்டு முழுக்க டிரம்பட், டிராம்போன், சாக்ஸ் மூன்று பேரும் என் காகிதத்தைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது, வயலினை மோவாயில் அழுத்திக்கொண்டு சமாளித்தேன். கீழே இறங்கியதும் பாடகர் என்னைத் தேடி வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "அந்தப் பேப்பர்லயும் ஒரு பட்டன் வெச்சுடுங்களேம்மா, எல்லாருக்கும் சௌகரியம்" என்றார்.

கொட்டிவாக்கத்தில்

கெடு முடிய நாலு நாள். கொட்டிவாக்கத்தில் கடலைப் பார்த்த ஒரு பங்களாவில் விருந்து. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்து திரும்பியவர், சாப்பாட்டு நேரத்தில் ஜாஸ் வேண்டும் என்றார். பாடகர் கிடையாது, அதனால் அரைக் கட்டையும் கிடையாது. சந்திரன் சார் முதல் நாலு நிமிஷத்தை எனக்குக் கொடுத்தார். ஒரு வாரம் அதையே எழுதினேன், கிழித்தேன், எழுதினேன். ஒத்திகையில் ஒரு தடவைகூட நான் உட்காரவில்லை. எழுந்து நின்று ஒவ்வொருவர் காகிதத்திலும் திருத்திக்கொண்டே இருந்தேன்.

கடற்காற்றுக்குப் பயந்து வீட்டிலிருந்து துணிக் கிளிப் கொண்டுபோய், எல்லோர் காகிதத்தையும் ஸ்டாண்டில் மாட்டினேன். பிறகு என் நாற்காலிக்கு வந்து வயலின் பெட்டியைத் திறக்கப் போனேன். என் ஸ்டாண்டு காலியாக இருந்தது. தாஸ்தான் முதலில் கவனித்து, என் பேப்பர் எங்கே என்று கேட்டான். பைக்குள் தேடினேன், பாய் கடைப் பைக்குள்கூடத் தேடினேன். அப்புறம்தான் உறைத்தது. எல்லோருக்கும் எழுதியிருக்கிறேன், வயலினுக்கு ஒரு சுரம்கூட எழுதவில்லை. பதினைந்து வருஷமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த வாத்தியத்தை ஒரு வாரமாக நினைக்கவே இல்லை. சந்திரன் சார் என்னைப் பார்த்துவிட்டு, அப்படியானால் முன்னால் நின்று தாளம் எண்ணு என்று சொல்லிவிட்டார்.

எண்ணினேன். வெறுங்கையோடு அவர்களுக்கு முன்னால் நின்று, நான் எழுதியதை முதல் தடவையாக வெளியிலிருந்து கேட்டேன். தாஸ் கமா போட்ட இடத்தில் எல்லாம் மூச்சு எடுத்தான். பக்கத்துச் சுரங்கள் உரசின, பல் கூசவில்லை. யாரும் நிறுத்தவில்லை. கடைசிச் சுரமும் முடிந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. புல்வெளியில் ஒருவரும் கை தட்டவில்லை, தட்டுச் சத்தம்தான் கேட்டது. வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டோடு மேடையருகே வந்தார். "சவுண்ட் செக்கே பிரமாதம் சார், கச்சேரி எப்போ ஆரம்பிக்கறேள்?" என்று சந்திரன் சாரிடம் கேட்டார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கிளிப்புகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பஷீர் பாய் டிரம்பட்டைக் கவிழ்த்து எச்சில் தண்ணீரை உதறினார், கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார், அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இன்னிக்கு நீ நினைச்சதையும் சேர்த்து வாசிச்சுட்டோம்மா."

சேலத்துக்குப் போகச் சொன்ன உத்தரவின் பின்பக்கம் நல்ல கெட்டிக் காகிதமாக, காலியாக இருந்ததால், மறுநாள் காலையில் அதில் ஐந்து கோடு போட்டு அடுத்த பாட்டுக்கு டிரம்பட் எழுதினேன், மறக்காமல் ஒரு சுரம் மேலே தூக்கி.