ஸ்டெல்லா அக்கா கோட்டைவிட்ட குக்கர்

டி.வி. கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டே வளர்ந்தவன் நான். விளையாட்டுச் செய்தியாளராவதுதான் கனவு. ஆவடி குவார்ட்டர்ஸ் பொங்கல் விழாவில் முதன்முறையாக என் கையில் மைக் கொடுத்தார்கள். நடந்ததோ ஸ்லோ சைக்கிள் ரேஸ். கீழே கால் ஊன்றாமல் கடைசியாக வருபவருக்குக் குக்கர் பரிசு.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா எல்லோருக்கும் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தார். அவர்தான் ஜெயிக்கப்போகிறார் என்ற பரவசத்தில், கடைசி ஓவருக்கான குரலில் கத்தத் தொடங்கினேன். அக்கா சீறிப் பாய்ந்து முதல் ஆளாகக் கோட்டைத் தாண்டினார்.

ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

"உன் கொரல கேட்டா காலு தானா மிதிக்குதுடா, நான் இன்னா பண்றது?" என்றார் மூச்சிரைக்க. "குக்கர் போனா போவுது. நீ டி.வி.க்கே போயிடு."

சென்ற மாதம், இதழியல் படிப்புக்கான நேர்முகத்தில் இதுவரை என்ன சாதித்தாய் என்று கேட்டார்கள். ஜெயிக்க இருந்தவரை முதலாவதாக வரவைத்தேன் என்றேன்.