படம் போட்டவரே முளை அடிக்க வேண்டும்

எங்கள் அலுவலகத்தைச் சந்தை என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் தப்பில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓசூரில் வீட்டுக்கும் ஷெட்டுக்கும் வரைபடம் போடும் அலுவலகங்களில் பெரும்பாலும் சொந்தக்காரர்கள்தான் இருப்பார்கள். மாமன் என்ஜினியர், மச்சான் மேற்பார்வை, வரைபவன் அதே ஊர்ப் பையன். எங்களிடம் மேஸ்திரி கன்னடம் பேசுவார். படம் வரையும் பெண்ணுக்கு வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. என் பங்குதாரர் சேலத்திலிருந்து வந்த என்ஜினியர். யாருக்கும் யாரும் உறவு இல்லை. அப்படி வேண்டுமென்றேதான் ஆள் எடுத்தேன்.

நான் சிவில் டிப்ளமோ முடித்து வேலை தேடியது எழுபதுகளின் கடைசியில். வேலை கொடுத்தவர்கள், பெண் என்பதால் என்னைப் படம் நகலெடுக்கும் ட்ரேசிங் மேசையில் உட்கார வைத்தார்கள். சைட்டுக்கு அழைத்துப் போனதே இல்லை. நான் வரைந்த கட்டடங்களைப் பஸ் ஜன்னலிலிருந்துதான் பார்த்தேன். அதனால் சொந்தமாக அலுவலகம் போட்டபோது ஒரு வழக்கம் வைத்தேன். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் நிலத்தில் அளந்து, மூலைக்கு மூலை முளைக்குச்சி அடித்து நூல் கட்டுவோம். அந்த முதல் முளையைப் படம் போட்டவர்தான் அடிக்க வேண்டும்.

எங்களிடம் படம் வரைந்த பெண் வேப்பனப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்தின் கூலிக்காரர் தெருவிலிருந்து வந்தவள். பாலிடெக்னிக் படித்தவள். தொழிற்சாலை ஆட்களுக்கு வாடகைக்கு விட ஓசூருக்கு வெளியே வரிசை வீடுகள் கட்டவேண்டும் என்று ஒருவர் வந்தபோது அவள்தான் படம் போட்டாள். ஷிப்டு முடிந்து பகலில் தூங்குகிறவர்களுக்காகப் படுக்கையறையைப் பின்பக்கம் தள்ளியிருந்தாள். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வரைந்தவளை மட்டும் அவர் பார்த்திருக்கவில்லை. அவரும் அவளும் ஒரே ஊர் என்பது முளை அடிக்கப் போன காலையில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

வேனிலிருந்து அவள் இறங்கியதும் அவர் முகம் மாறியது.

"இது யாரு மவ?" என்று அவளிடமே கேட்டார். அவள் அப்பா பெயரைச் சொன்னாள்.

"அட, நம்ம மாந்தோப்புல காவலு கெடந்தவன் மவ!" சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "வரையட்டும்மா, நான் வேணாங்கல. மண்ணுல மொதக் குச்சி வேற யாராச்சும் அடிக்கட்டும். ஊருல நாலு பேரு வந்து நிக்கறாங்க பாருங்க."

"அப்பா காவலுக்கு வந்தாருங்க. நான் வூடு கட்ட வந்திருக்கேன்" என்றாள் அவள். குரல் உயரவில்லை.

என் பங்குதாரர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "மேடம், கொஞ்ச நேர வேலைதாங்க. அந்தப் பொண்ணு வேன்லயே உக்காந்துக்கட்டும். அளவுல சந்தேகம் வந்தா யாராச்சும் ஓடிப்போய்க் கேட்டுட்டு வரலாம்."

"ஓடறது யாரு சாமி?" என்று மேஸ்திரி பின்னாலிருந்து கேட்டார். "எனக்கு முட்டி நோவு. உங்களுக்குத் தொப்பை. மேடம் சேலை கட்டியிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தைரியத்திலேயே போய் நிலத்துக்காரரிடம் சொன்னேன்: "எங்க ஆபீஸ்ல படம் போட்டவங்கதான் முளை அடிப்பாங்க. வேற வழக்கம் எங்ககிட்ட இல்லீங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். வெற்றிலையை மடித்தபடி, "உங்க பொண்ணு தெனம் கிருஷ்ணகிரி பஸ்ஸுலதானே காலேஜுக்குப் போவுது? பத்திரமா போய் வரட்டும்மா" என்றார்.

என் மகள் போகும் பஸ் அவருக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கையில் இருந்த படத்தை, அதைப் போட்டவளே வாங்கிச் சுருட்டினாள். "எல்லாரும் வண்டியில ஏறுங்க" என்று மட்டும் சொன்னேன்.

வேனில் அவள்தான் பேச்சை எடுத்தாள். "மேடம், நான் வேணா வேலைய விட்டு நின்னுக்கறேன். உங்க பொண்ணு விஷயம்."

"நீ நின்னா அவர் ஜெயிச்சார்னு அர்த்தம். நாளைக்கு வந்து சேரு."

அதைச் சொல்லிவிட்டேன். பிறகு வாரக்கணக்கில் சாயங்காலம் ஆனால் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். மகளுக்கு எரிச்சல். "என்னம்மா, என்னைக் கூட்டிட்டுப் போக வரியா, கண்டக்டருக்குத் துணைக்கு வரியா?" ஒரு நாள் தாங்கமாட்டாமல் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் பஸ் ஸ்டாண்டு நடுவிலேயே நின்றாள்.

"அந்த அக்காவ அனுப்பிட்டியா?"

"இல்ல."

"அப்ப சரி. நான் இதே பஸ்ஸுலதான் போவேன். நீ வராதே."

நான் போனேன். அவள் பார்க்காதபடி பழக்கடைக்குப் பின்னால் நின்றேன். அந்த மனிதர் ஒன்றும் செய்யவில்லை. செய்யத் தேவையில்லை, சொன்னதே போதுமானதாக இருந்தது. ராத்திரி போன் அடித்தால், எடுப்பதற்கு முன் இப்போதும் மகளைத்தான் நினைக்கிறேன்.

வரிசை வீடுகளை வேறு ஆளை வைத்துக் கட்டினார். அவருக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேர் எங்களிடம் வருவதை நிறுத்தினார்கள். "பிடிவாதம் சோறு போடாது மேடம்" என்றார் பங்குதாரர். ஆனால் விட்டுப் போகவில்லை.

அதன் பிறகு ஒன்றை மாற்றினோம். படத்துக்குப் பென்சில் எடுக்கும் முன்பே, வருகிறவரிடம் அவளை அறிமுகப்படுத்துவேன். "இவங்கதான் உங்க படத்தைப் போடப் போறாங்க. இவங்கதான் நிலத்துக்கு வந்து முளை அடிப்பாங்க. சரின்னா உக்காருங்க." சிலர் அவள் ஊரையும் தெருவையும் கேட்பார்கள். கேட்கிறவரைப் பார்த்தால் எதற்குக் கேட்கிறார் என்று தெரிந்துவிடும். சிலர் எழுந்து போவார்கள்.

போனவாரம் தேன்கனிக்கோட்டைக்காரர் ஒருவர் அப்படி எழுந்து, வாசல்வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு நின்று யோசித்தார். அவரை நான் கூப்பிடவில்லை.