பாவடியில் ஓட்டப்பந்தயம்

எங்கள் தெருக்கோடியில் ஒரு வெற்றிடம் இருந்தது. பாவடி என்போம். சேலையில் நீளவாக்கில் ஓடுகிற நூலுக்குப் பாவு என்று பேர். அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் வெளியே இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயிலில் காய வைக்க வேண்டும். வீட்டுக்குள் முடியாது. நீளமான இடம் வேண்டும். அதற்குத்தான் பாவடி.

தொண்ணூறுகளில் அந்த இடத்தின் ஓரத்தில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். உயர்நிலைப் பள்ளி. அதுவரைக்கும் எங்கள் பக்கம் எட்டாவதுதான். ஒன்பதாவது படிக்க ஆரணிக்குள்ளே போகணும், பஸ் ஸ்டாண்டையும் தாண்டி. பையன்கள் போனார்கள். பெண்கள் எட்டோடு நின்று தறிக்கு வந்தார்கள். நான் அஞ்சோடு நின்றவள்.

இடம் விட்டபோது தெருக்காரர்கள் ஒரே ஒரு பேச்சு வைத்தார்கள். காலை ஒன்பது மணி வரைக்கும் பாவடி எங்களுது. அப்புறம் பள்ளிக்கூடத்துது. தலைமை ஆசிரியர் ஒத்துக்கொண்டார். அவரைப் பெரிய சார் என்று கூப்பிடுவோம். வந்தவாசிப் பக்கம் விவசாயக் குடும்பம். பாவு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. முதல் வாரம் தினமும் வந்து நின்று பார்த்தார். ஒருநாள் குறுக்கே நடக்கப் போனார். எதிர்வீட்டு அக்கா போட்ட சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டார். அதுக்கப்புறம் அவரும் பிள்ளைகள் மாதிரி குனிந்து, பாவுக்கு அடியிலேதான் போவார். அவ்வளவு உயரமான மனுஷன். பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

அந்த முதல் வருஷம் நன்றாக இருந்தது. பெஞ்சு வரவில்லை. பிள்ளைகள் பாய் கொண்டுபோய் உட்கார்ந்தார்கள். காலையில் பிரேயர் பாடுவது தறிக்குழியில் உட்கார்ந்திருக்கிற எனக்குக் கேட்கும். அந்தக் கூட்டத்தில் ஒன்பதாவது சேர்ந்த எம் பொண்ணு குரல் எது என்று தேடுவேன். தெரியாது. ஆனாலும் தேடுவேன். ஒன்பதாவது பெண்களுக்கு நீலத் தாவணி. தெருவில் நாலைந்து நீலத் தாவணி சேர்ந்து போனால் தறியை நிறுத்திப் பார்ப்பார்கள்.

பள்ளிக்கூட வாசலில் ஒரு கரும்பலகை. அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று அதில் எழுதுவார்கள். பெற்றோர் கூட்டம், பொருட்காட்சி, மரம் நடும் விழா. குழாயடிக்குப் போகிறவர்கள் எல்லாம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே நிற்பார்கள்.

"இன்னாடி எழுதிக்கீறாங்க?"

"வெள்ளிக்கிழமை பேச்சுப் போட்டி."

"பேசறதுக்குப் போட்டியா? நம்ம தெருவுல வந்து வச்சா எல்லாத்துக்கும் பரிசு குடுக்கணும்."

எதுவானாலும் நாங்கள் போனோம். எங்களைக் கூப்பிட்டார்களா இல்லையா என்று கேட்டதில்லை. நம்ம இடம், நம்ம பிள்ளைகள்.

ஐப்பசி கடைசியில் பலகையில் விளையாட்டு விழா என்று எழுதினார்கள். முதல் விளையாட்டு விழா. எம் பொண்ணு ஓட்டப்பந்தயத்தில் பேர் கொடுத்திருந்தாள். தாவணியோடு எப்படி ஓடுவாள் என்று அவளுடைய அப்பா கேட்டார். டிரில் மாஸ்டர் பாவாடையைத் தூக்கிச் செருகி, தாவணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடச் சொன்னாராம்.

மழை பிடித்துக்கொண்டது. பலகையில் தேதியை அழித்து வேறே எழுதினார்கள். அதுவும் மழையில் போச்சு. மறுபடி அழித்தார்கள். கடைசியில் தேதி போடாமல் ஒரு வரி எழுதினார்கள். மழை விட்டுத் தரை காய்ந்த அன்று விழா.

அந்த மழை விடுவதற்கு நாங்களும்தான் காத்துக்கொண்டிருந்தோம். எங்கள் தறி காலி. ஒரு முகூர்த்தப் பாவு வந்திருந்தது, அரக்குக் கலர். தை மாசக் கல்யாணம். பட்டு கொடுத்த மொதலாளி ரெண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார். கஞ்சி போட வெயில் இல்லாமல் பாவு வீட்டு மூலையில் கிடந்தது. அதுக்கு முந்தின பாவை வேறே எலி கடித்து, மொதலாளிகிட்டே பேச்சு வாங்கியிருந்தோம். இது ஒழுங்காகப் போகவில்லை என்றால் அவர் இனிமேல் பட்டு தர மாட்டார்.

வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "இந்தப் பாவு கெட்டா, அவ படிச்சது போதும். நூல் சுத்தப் போகட்டும்."

எம் பொண்ணு அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டைத் தள்ளவில்லை. சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்தாள்.

மழை விட்டது. ஒருநாள் பொறுத்தோம். மறுநாள் விடிகாலை வெளுத்து வந்தது. எல்லா வீட்டிலும் கஞ்சி காய்ச்சிவிட்டார்கள். பாவடி முழுக்கத் தண்ணி தேங்கி இருந்தது. நடுவில் ஒரு மேடு மட்டும் காய்ந்து கிடந்தது. அதிலே வரிசையாக நாலு வீட்டுப் பாவு நீட்டினோம். எங்களுது கடைசி. நடுவிலே நூல் அறுந்து, முடிச்சுப் போட நேரமாயிடுச்சு.

கஞ்சி தடவி முடிக்கிற நேரம், டிரில் மாஸ்டர் சுண்ணாம்புத் தூள் வாளியோடு வந்தார். பின்னாலே பிள்ளைகள், மைக் செட்காரர், கலர்த்தாள் தோரணம்.

வாளியைக் கீழே வைத்தார். பாவைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"இன்னாங்க இது? இன்னிக்கு விழா."

"இன்னிக்கு வெயிலு சார்," என்றாள் எதிர்வீட்டு அக்கா.

அப்போதுதான் ரெண்டு பக்கத்துக்கும் உறைத்தது. பலகையைத் தெருவே படித்திருந்தது. எங்களுக்கு வெயில் வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்கும் தெரியும். காய்ந்த நாள் ஒன்றுதான், காய்ந்த இடமும் ஒன்றுதான் என்று யாரும் யோசிக்கவில்லை.

"சுருட்டிடுங்க, சாயங்காலம் போட்டுக்கலாம்," என்றார் டிரில் மாஸ்டர்.

கஞ்சி ஈரத்தோடு பாவைச் சுருட்டினால் நூலும் நூலும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது பாவு இல்லை, கயிறு.

பெரிய சார் வந்தார். விஷயத்தைக் கேட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது ஆகவில்லை. "ஒன்பது வரைக்கும் அவங்க இடம்," என்று டிரில் மாஸ்டரிடம் சொன்னார். "ஒன்பதுக்குள்ளே காயுமா?" என்று எங்களைக் கேட்டார்.

"கார்த்திகை வெயிலு சார். அதுங்கிட்டதான் கேக்கணும்," என்றார் பக்கத்து வீட்டு மாமா.

பெரிய சார் யோசித்தார். பிறகு நிகழ்ச்சியைத் தலைகீழாக மாற்றினார். பேச்சு முதலில், பாட்டு அப்புறம், ஓட்டம் கடைசி.

விருந்தாளியாகச் சேத்துப்பட்டிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருத்தரைக் கூப்பிட்டிருந்தார்கள். வயசானவர். வராண்டாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பெரிய சார் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றி எங்களைப் பார்த்தார். மைக்கில் ஆரம்பித்தார்.

உடம்பைப் பற்றிப் பேசினார். ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார். முடிக்கிற மாதிரி குரல் இறங்கும். பெரிய சார் எங்களைப் பார்ப்பார். நாங்கள் பாவைத் தொட்டுப் பார்த்து, இன்னும் இல்லை என்று தலை ஆட்டுவோம். பெரிய சார் அவரைப் பார்ப்பார். அவர் தண்ணி குடித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். கீரை சாப்பிடுவதைப் பற்றி. அவர் சின்ன வயசில் நீச்சல் கற்றுக்கொண்டதைப் பற்றி. அவருடைய மாமனார் ஊர் கிணற்றைப் பற்றி.

"பாவம்யா அந்த மனுஷன், நமக்காகத் தொண்டை கிழியப் பேசிகினு கீறாரு," என்றாள் எதிர்வீட்டு அக்கா. "ஏதாவது கை தட்டுங்கடி."

"கை பூராக் கஞ்சி கீதுக்கா."

ஒன்பது தாண்டி வெகு நேரமாச்சு. ஒவ்வொன்றாகப் பாவு காய்ந்தது. எதிர்வீட்டுப் பாவு எடுத்தாச்சு. பக்கத்து வீடு எடுத்தாச்சு. மூணாவதும் போச்சு. எங்களுது மட்டும் மேட்டுக்கு நடுவில் கிடந்தது. தொட்டால் இன்னும் விரலில் ஒட்டியது.

பாட்டும் முடிந்தது. பிள்ளைகள் அடங்கவில்லை. பந்தயத்துக்கு நிற்கிற பெண்கள் தாவணியை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எம் பொண்ணும் நின்றாள். அவள் பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்தாளிக்கு பஸ் இருந்தது. தெரு மொத்தமும் எங்களைப் பார்த்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

வீட்டுக்காரர் என்கிட்டே வந்தார். "சுருட்டிடலாம்."

"சுருட்டினா?"

"இன்னா பண்றது? நம்ம ஒருத்தரால எல்லாம் நிக்குது."

அவர் கட்டை அவிழ்க்கக் குனிந்தார். நான் தடுக்கவில்லை. எனக்கும் வேறே வழி தெரியவில்லை.

பக்கத்து வீட்டு மாமாதான் சத்தம் போட்டார். "அவுக்காத! எதுக்கு அவுக்கற? அப்டியே தூக்குவோம்."

"இன்னாது?"

"விறைப்பா அப்டியே தூக்கி அந்தாண்ட போயி நிப்போம். புள்ளைங்க ஓடட்டும். ஜல்தி வாங்கய்யா, வேடிக்கை பாத்துகினு நிக்காதீங்க!"

இப்படி யாரும் செய்ததில்லை. ரெண்டு முனையிலும் பலசாலிகள் போய்க் கழியைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். நடுவில் நூலைத் தாங்குகிற இடைக்கழிகள். ஒவ்வொன்றுக்கும் ரெண்டு பக்கமும் ஆள் வேண்டும். தெரு ஆட்கள் வந்தார்கள். பத்தவில்லை. பெரிய சார் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து ஒரு கழியைப் பிடித்தார். எனக்கு எதிரே.

"எப்படிப் பிடிக்கணும்?"

"தொய்ய விடாதீங்க சார். அவ்ளோதான்."

மாமா குரல் கொடுத்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் தூக்கினோம். பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்து நகர்ந்தோம். சாமி தூக்குகிறவர்களுக்குக்கூட அவ்வளவு பயம் இருக்காது. மேட்டிலிருந்து இறங்கித் தண்ணியில் கால் வைத்தோம். கணுக்காலுக்கு மேலே சேறு. நின்றோம். வெயில் பாவு மேலே விழுந்துகொண்டிருந்தது.

டிரில் மாஸ்டர் சுண்ணாம்புக் கோடு போட ஓடினார்.

சின்னப் பிள்ளைகள் முதலில் ஓடினார்கள். அப்புறம் பையன்கள். ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் பெரிய சார் கேட்பார். "கொஞ்சம் இறக்கலாமா?"

"வுடாதீங்க சார்!" என்று நாலு பேர் கத்துவார்கள்.

"கை மரத்துப் போச்சு."

"தெனம் எங்களுக்கு அப்டித்தான் சார். பேஜாரு புடிச்ச வேலை."

அவர் சிரித்தார். விடவில்லை.

பெண்கள் பந்தயம் வந்தது. பெண்கள் ஓடி அந்த மைதானம் பார்த்ததில்லை. விசில் அடித்தது. ஓடினார்கள். அவர்கள் எங்களைத் தாண்டுகிறபோது சேறு தெறிக்குமோ என்று கழியை இன்னும் உயர்த்திப் பிடித்தேன். எம் பொண்ணு ரெண்டாவதோ மூணாவதோ வந்துகொண்டிருந்தாள். சேற்றை ஒட்டின எங்கள் பக்கத்துக் கோடு அவளுது. பாவுக்கு நேராக வந்ததும் அவள் உள்பக்கமாக ஒதுங்கினாள். சேறு இல்லாத இடம் பார்த்துக் கால் வைத்தாள். கண்ணால் பார்த்தேன். மூணாவது இருந்தவள் நாலாவது ஆனாள். அப்படியே போய்க் கோட்டைத் தாண்டினாள்.

தெரு கத்தியது. யாரும் கை தட்டவில்லை. கை எல்லாம் கழியில் இருந்தது.

விருந்தாளி பஸ்ஸுக்குக் கிளம்புகிறபோது பாவைத் தொட்டுப் பார்த்தார். விரலைப் பார்த்தார். ஒட்டவில்லை. "காஞ்சிடுச்சும்மா," என்றார். அவர் குரல் கம்மிப்போயிருந்தது.

தண்ணியில் நின்றபடியே பாவைச் சுருட்டினோம். ஓரத்தில் சில நூல்கள் அறுந்திருந்தன. பெரிய சார் பிடித்த பக்கம்தான். யாரும் சொல்லவில்லை. அவர் சட்டையில் வயிற்றுப் பக்கம் அரக்குக் கோடு ஒன்று விழுந்திருந்தது. அதையும் யாரும் சொல்லவில்லை. மறுநாள் அந்தச் சட்டையோடுதான் வந்தார்.

வீட்டுக்கு வந்து பொண்ணைக் கேட்டேன். "எதுக்குடி ஒதுங்கின?"

"சேறு படும்னுதான்."

"பரிசு போச்சே."

"டம்ளர்தான்மா குடுத்தாங்க."

வீட்டுக்காரர் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "அடுத்த வருஷம் உள்கோட்டைக் கேட்டு வாங்கு," என்றார். நூல் சுத்தப் போகிற பேச்சு எங்கள் வீட்டில் அதோடு நின்றது. அவள் பத்தாவது எழுதினாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது எழுதிய முதல் பெண்களில் அவளும் ஒருத்தி.

அந்தப் பாவில் மூணு சேலை நெய்தோம். சேலையை மொதலாளி விரித்துப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. மடித்து வைத்தார்.

"அடுத்த பாவு தர்றேன். எப்ப நீட்டுவீங்க?"

"பலகையில இன்னா போட்டுக்கீதுன்னு பாத்துட்டு வந்து சொல்றேங்க," என்றேன்.